ஏழாம் குழிக்கு நான் கட்டிய வரப்பு

நேற்று மழை விட்டதும் சன்னல் வழியாகச் சேற்று வாசம் வந்தது. நீங்கள் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். எனக்கோ பசி எடுத்தது. சிரிக்காதீர்கள் கண்ணுங்களா. முழங்கால் சேற்றில் நின்றபடி டீயில் பன்னைத் தொட்டுத் தின்ற காலம் உங்கள் அப்பனுக்கு ஒன்று உண்டு.

கல்யாணத்துக்கு முன்னால், ஆற்றோரக் கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல் வெட்டினேன். ஒரு ஊர்க்காடு அளவு நிலத்தை வளைத்து, பதினெட்டுக் குழி தோண்டி, எலுமிச்சங்காய் அளவுப் பந்தை அதில் விழவைப்பார்கள். எங்கள் வெள்ளாமைக் காட்டில் பெருச்சாளி அதைச் சும்மாவே தோண்டும். குழியைச் சுற்றியுள்ள புல்லுக்குக் கிரீன் என்று பெயர். கம்பளம்போல ஒட்ட வெட்டியிருக்கும்.

ஏழாம் குழியின் கிரீனை அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம். அதற்குள் ஏழாம் குழி தயாராகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக மேனேஜர் எங்கள் மேஸ்திரி ராசப்பண்ணனிடம் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மேற்கே மலையில் கொட்டிய மழையில் ஆறு மைதானத்துக்குள் வந்துவிட்டது. விடிந்ததும் அண்ணன் என்னை ஏழாம் குழிக்கு அனுப்பினார்.

"தண்ணி வடியறப்ப என்ன பண்ணோணும்னு தெரியுமில்ல?"

"காட்டுக்காரன் பையனுங்ணா நானு. தெரியாமயா?"

போய்ப் பார்த்தால் நல்ல வண்டல்! எங்கள் அய்யன், அதாவது உங்கள் தாத்தா, காட்டுக்கு உரமாகக் குளத்து வண்டல் அள்ள வண்டி கட்டிக்கொண்டு போவார். இங்கே அது தானாக வந்து, தண்ணீரோடு தானாகவே போய்க்கொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை. மண்வெட்டி எடுத்துக் கிரீனைச் சுற்றி வரப்புப் போட்டு வண்டலை மடக்கிவிட்டேன். பாட்டு வேறு.

வந்து பார்த்த அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, நெல்லா நட்டிருக்குது இங்க? வெயில் ஏறுச்சுன்னா சேறு ஓடு மாதிரிக் காஞ்சு புல்லு மூச்சு முட்டிச் செத்துப்போயிரும். வடியற தண்ணியோடவே தள்ளிப்போடோணும். நீ தண்ணிய மறிச்சு வெச்சிருக்கற!"

களை எடுக்கும் பூவாத்தாக்கா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார். "புல்லுக்கு எருப் போட்டீங்களா சாமி? அறுவடைக்குச் சொல்லியுடுங்க."

நான் அழுகிற நிலையில் இருந்தேன். அண்ணன் சட்டென்று பக்கத்துக் குழியைப் பார்த்தார். அங்கே தண்ணீர் எப்போதோ வடிந்து, சேறு பசையாக ஒட்டிக் கிடந்தது. என் வரப்புக்குள் மட்டும் இன்னும் முழங்கால் தண்ணீர், அடியில் சேறு இறுகாமல் இளகிக் கிடந்தது.

"எல்லாரும் வெளக்குமாறு எடுங்க!" என்றார்.

களை எடுக்கும் அக்காக்கள் மொத்தமாக விளக்குமாற்றோடு இறங்கிச் சேற்றைக் கலக்கினார்கள். ஆற்றுப் பக்கம் வரப்பை உடைத்தேன். மொத்த வண்டலும் கலங்கலாக ஓடியது. அடியில் புல் பச்சையாகத் தலை நீட்டியது.

"தப்பாத்தான் செஞ்சான். ஆனா கெட்டியாச் செஞ்சுபோட்டான்" என்றார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிரீனில் பந்து ஒழுங்காக உருண்டது. அண்ணனே மேஸ்திரியாக நீடித்தார், நானும் தப்பினேன்.

மற்றக் குழிகளில் வழித்த வண்டலுக்குத்தான் மறுநாள் மைதான வாசலில் சண்டை. "எங்கூட்டுக் கத்திரிச் செடிக்கு ரண்டு சாக்கு" என்று அக்காக்கள் ஆள்மேல் ஆள் விழுந்தார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஆற்றோரம் ஆளுயரக் கான்கிரீட் சுவர்; ஆறும் உள்ளே வருவதில்லை, வண்டலும் வருவதில்லை. மழைத் தண்ணீரை மோட்டார் தானாகவே இறைத்துவிடுகிறதாம். புல்லுக்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. சேற்றுக்காகச் சாக்கோடு நின்று அக்காக்கள் சண்டை போட்ட அந்த வாசலில் ஒருத்தரும் இல்லை.