கடலைப் பொட்டலத்தில் வந்த துப்பாக்கி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், மலாயாவில் ஜொகூரின் தங்காக்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் தபால்தலை சேர்த்தார்கள். நான் சேர்த்தது பழைய பட்டாளத்துத் துப்பாக்கிக் கையேடுகள். துப்பாக்கியை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் எந்தத் திருகாணி எங்கே போகும் என்று படம் போட்டு விளக்கும் அந்தப் புத்தகங்களின் மேல் எனக்கு அப்படியொரு மோகம். சிங்கப்பூரின் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து ஒன்பது சேர்த்துவிட்டேன். மார்ட்டினி துப்பாக்கியின் கையேடு மட்டும் அகப்படவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, சந்தைக்கு முன்னால் கச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலை வாங்கினேன். பலகைத் தட்டைத் தலையில் சுமந்து கடலையும் பயறும் விற்கும் தமிழர் ஒருவர் அங்கே நிற்பார். பாதி தின்ற பிறகுதான் பொட்டலத் தாளைக் கவனித்தேன். மார்ட்டினியின் விசைப் பகுதி, படத்தோடு! கடலை தரையில் சிந்தச் சிந்தத் திரும்பி ஓடினேன். புத்தகத்தில் பாதிதான் அவரிடம் மிச்சம் இருந்தது. கழிவுத்தாள் கட்டோடு வந்ததாம்.

"இது என்ன புத்தகமெண்டு உமக்குத் தெரியுமோ? இப்படிக் கிழிச்சுப் போட்டீரே" என்று சந்தையே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டேன்.

"படிக்கத் தெரியாதுங்கய்யா. தாளு கெட்டியா இருந்துச்சு, கடலை சிந்தல" என்றார் நிதானமாக. மிச்சத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "போனதையும் கேட்டுப் பாக்கறேன். அடுத்த வாரம் வாங்க" என்றார். நான் நம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால், அவரைச் சுற்றிக் கூட்டம். துப்பாக்கிப் படத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு பிடி கடலை சும்மா என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். துணிக்கடைச் சீனர் இரண்டு பக்கம் கொண்டுவந்திருந்தார். மீன் விற்கும் அம்மாள் ஒன்றைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். ஒருவர் சோப்பு விளம்பரத்தை நீட்டி, அதற்கும் கடலை வாங்கிக்கொண்டு போனார்.

நான் சிரித்துக்கொண்டே நெருங்கும்போது ஒரு போலீஸ் சார்ஜன் வந்தார். மீசை நரைத்த மலாய்க்காரர். கையில் கசங்கிய பக்கம் ஒன்று. துப்பாக்கிப் படங்களை யாருக்காகச் சேர்க்கிறாய் என்று மலாயில் கடலைக்காரரைக் கேட்டார். என் கால்கள் தாமாகக் காப்பிக்கடைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கின. அரசாங்க உத்தியோகம். ஒரு புகார் போதும், ஊருக்குக் கப்பலேற்றி விடுவார்கள்.

கடலைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "சயா புஞ்ஞா, துவான்" என்றார். எல்லாம் தன்னுடையதுதானாம். படம் அழகாக இருக்கிறது, அதனால் சேர்க்கிறாராம்.

அதற்கு மேல் என்னால் ஒளிந்து நிற்க முடியவில்லை. வெளியே வந்து, சேர்ப்பவன் நான்தான் என்று உடைந்த மலாயில் சொன்னேன்.

சார்ஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காப்பிக்கடை மேசையில் அந்தத் தாளை வைத்து உள்ளங்கையால் நீவினார். இளவயதில் பட்டாளத்தில் அவர் தூக்கியது இந்தத் துப்பாக்கியைத்தானாம். அது உதைக்கிற உதையில், மறுநாள் சோற்றுக்குக் கை எழும்பாதாம். எங்களோடு உட்கார்ந்து, பக்க எண் கிழிந்துபோன தாள்களை அவரே வரிசைப்படுத்திக் கொடுத்தார். போகும்போது, தான் கொண்டுவந்த தாளுக்கு உரிய ஒரு பிடி கடலையை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கடலைக்காரரிடம் கேட்டேன்.

"நீங்க ஆபீஸ் வேலைக்காரங்க. எனக்கென்ன, தட்டைத் தூக்கினா அடுத்த ஊரு" என்றார்.

ஊர் பார்க்கத் திட்டியதற்கு, ஊர் பார்க்கவே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது. இன்றும் யாரிடமாவது குரலை உயர்த்த வாயெடுத்தால், நான் திட்டிய ஒரே வாரத்தில் எனக்காகப் பழியை ஏற்க நின்ற அந்த மனிதரின் முகம் வந்து என் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது.