செவ்வாய்க்கிழமைக் குரல்

மென்பொருளைச் சோதிப்பது அவள் தொழில். அடுத்தவர்கள் எழுதிவைத்த புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். அந்த ஓட்டைக்கு அவர்கள் பாஷையில் 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். அதனால் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் அவளுக்கும் பூச்சி என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. "பூச்சி அக்கா வர்றாங்க, எல்லாரும் அவங்கவங்க வீட்டைக் கூட்டி வைங்கப்பா" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

எந்த நிறுவனத்திலும் அவள் நிரந்தரமாக இருந்ததில்லை. எல்லாம் ஒப்பந்த வேலைதான். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வாசலில் வந்து நிற்கும். ஐம்பதை நெருங்கிவிட்டாள். கல்யாணம் ஒன்று நடந்து, கசந்து, முடிந்தும் போயிருந்தது. ஒற்றைப் படுக்கையறை வீடு, ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் இரண்டு திரைகள். கூட இருக்க ஆள் இல்லையே என்று யாராவது இழுத்தால், "வேலையே என்னை முழுசா முழுங்குது, இதுல ஆளு வேற எதுக்கு?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அந்த வேலைதான் ஒரு வெள்ளிக்கிழமை நின்றுபோனது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். மேலாளர் எல்லோரையும் இணையத்தில் கூட்டி, திட்டத்தை ஒத்திப்போடுகிறோம், உங்கள் உழைப்புக்கு நன்றி என்றார். போய்வருகிறேன் என்று எல்லோருக்கும் இரண்டு வரி எழுத உட்கார்ந்தாள். பாதி வரியில் திரை வெளியே தள்ளிவிட்டது. கடவுச்சொல் செல்லாது என்றது. கூட வேலை பார்த்தவர்களில் ஒருவருடைய கைபேசி எண்கூடத் தன்னிடம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வழக்கம்போல ஏஜென்டைக் கூப்பிட்டாள். நிறுவனங்களுக்கு ஒப்பந்த ஆட்களைப் பிடித்துத் தருபவர் அவர். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம்.

"கவலைய விடுங்க மேடம். உங்களுக்கு இல்லாத வேலையா? மார்க்கெட் கொஞ்சம் டல்லா இருக்கு, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை கூப்பிடறேன்."

சொன்னபடி கூப்பிட்டார். வேலை இல்லை. அடுத்த செவ்வாயும் கூப்பிட்டார். அப்போதும் இல்லை. மழை நின்று வெயில் வந்தது, அவர் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

இடையில் அவளும் சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பித்தாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒரே ஒரு இடத்திலிருந்து நேர்காணல் என்று அழைப்பு வந்தது. தலைசீவி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, திரைமுன் உட்கார்ந்து வணக்கம் சொன்னாள். பதில் இல்லை. எதிரே யாருமே இல்லை. கேள்வி எழுத்தில் வந்தது, மூலையில் கடிகாரம் ஓடியது, அவள் தன் முகத்தையே பார்த்துத் தன்னிடமே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், 'உங்களிடம் கேள்விகள் உண்டா?' என்று திரை கேட்டது.

"யாராவது இருக்கீங்களா?" என்றாள். அதையும் அது பதிவுசெய்துகொண்டது.

இதை அக்காவிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டாள். அக்கா வேறு ஊரில், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டில் இருந்தாள்.

"பேசாம கிளம்பி இங்க வந்துடுடி. பசங்க ரூம்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம். நீ வந்தா எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"வேலை கெடைச்சுடும்க்கா."

"இதையேதான் போன தடவையும் சொன்ன. இரு, சின்னவன் அழறான், அப்புறம் பேசறேன்."

அந்த 'அப்புறம்' வர நாளாகும் என்று இருவருக்கும் தெரியும்.

இப்படியாக, வாரத்தில் அவளோடு முழுசாகப் பேசி முடிக்கும் ஒரே மனிதர் ஏஜென்ட் என்றாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் சீக்கிரமே குளித்துவிடுவாள். குரல் கம்மிக்கிடக்கக் கூடாதே என்று வெந்நீர் குடித்து, தனக்குத்தானே இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துக்கொள்வாள். வேலைப்பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு வெயில், ரயில் நெரிசல், அவருடைய முதுகுவலி என்று பேச்சு எங்கெங்கோ போகும்.

"சாப்டீங்களா சார்?" என்பாள்.

"எங்க மேடம், இனிமேதான்" என்பார்.

ஒரு செவ்வாய் அழைப்பு வரவில்லை. கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். அடுத்த செவ்வாயும் வரவில்லை. மனசு கேட்காமல் அவளே அந்த எண்ணை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"அவர் இப்போ எங்ககூட இல்லை. உங்க பயோடேட்டாவ மறுபடி அனுப்பிடுங்க."

"எங்க போனாருன்னு..."

"அதெல்லாம் சொல்ல முடியாதுங்க."

வேலைதேடுகிறவர்கள் கூடும் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினாள். முன்வழுக்கை, அகலமான முகம். இவ்வளவு நாளும் ஒல்லியான ஒருவரை அல்லவா நினைத்துவைத்திருந்தாள்! அந்த முகத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்பதற்கான பச்சை வளையம். தன் படத்தைச் சுற்றியும் அதே வளையம். 'நலமா?' என்று ஒரு வரி அனுப்பினாள். மாலையில் அவரே அழைத்தார்.

"ஆள் பிடிச்சுக் குடுக்கறவனுக்கே வேலை போச்சு மேடம். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இதுல என்ன வெக்கம்? எனக்கு வேலை இல்லன்னு வாராவாரம் உங்ககிட்ட சொல்லிக்கிட்டுதானே இருந்தேன்?"

அவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "உங்களுக்குக் குடுக்க எங்ககிட்ட எதுவும் இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மேடம். வேலை வாங்கித் தர முடியாதவங்களக் கூப்பிட வேண்டாம்னு ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் கூப்பிட்டீங்க?"

"அப்பெல்லாம் நான் கூப்பிட்டவங்க எல்லாரும் திட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் சாப்டீங்களான்னு கேட்டீங்க."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இல்லாத வேலைக்காகத்தானே ஒவ்வொரு செவ்வாயும் காத்துக்கிடந்தாள்? ஆனாலும் கோபம் வரவில்லை.

ரயில் நிலையத்தை ஒட்டிய காபிக் கடையில் சந்திப்பதென்று முடிவாயிற்று. அவள் முன்னதாகவே போய் உட்கார்ந்தாள். அவர் வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், "மேடம்" என்றார். போனில் அருவி மாதிரிக் கொட்டியவர்கள், நேரில் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். அவருக்கு மனைவியும் காலேஜ் படிக்கும் மகளும் இருப்பது தெரிந்தது. முதுகுவலி எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். மைத்துனரின் மரச்சாமான் கடையில் கணக்கு பார்க்கக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று யோசிக்கிறேன் என்றார்.

"போங்க சார். கையில கெடைச்சத விடாதீங்க."

"ஆஸ்பத்திரி ஒண்ணு, நோயாளிங்க அப்பாயின்ட்மென்ட் எடுக்கறதுக்குப் புது சாஃப்ட்வேர் பண்றாங்களாம். எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான் அங்க மேனேஜர். உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன். நடக்கும்னு சொல்ல மாட்டேன். இனிமே அப்படிச் சொல்றதா இல்ல."

நடந்தது. மேனேஜர் கொஞ்ச நேரம் பேசினாள், சின்ன ஒப்பந்தம் ஒன்று கொடுத்தாள். வீட்டிலிருந்தே பார்க்கலாம். அக்காவிடம் சொன்னபோது, "நல்லதாப் போச்சு" என்றாள். அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று பிரிக்க முடியவில்லை. ஏஜென்டுக்குச் செய்தி அனுப்பினாள். கைகூப்பிய படம் ஒன்று வந்தது. மரச்சாமான் கடையில் சேர்ந்துவிட்டதாக இன்னொரு நாள் எழுதினார். அதற்கப்புறம் இருவருக்கும் எழுத எதுவும் இருக்கவில்லை.

புது இடத்தில் காலைக் கூட்டத்துக்கு யாரும் கேமராவைப் போடுவதில்லை. கறுப்புக் கட்டங்களில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் தெரியும். முதல் வாரத்திலேயே அவள் ஒரு பூச்சியைப் பிடித்தாள். ரத்து செய்த நோயாளியின் நேரத்தை அந்த மென்பொருள் வேறு யாருக்கும் தராமல் காலியாகவே வைத்திருந்தது. எப்படி நேர்கிறது என்று படிப்படியாக எழுதிப் பதிவிட்டாள். சற்று நேரத்தில் அதன்கீழ் ஒரு கட்டைவிரல் முளைத்தது. யார் போட்டது என்று தேடிப் பார்த்தாள். இரண்டு எழுத்துதான் இருந்தது.

மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து மேஜையிலேயே உட்கார்ந்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மென்பொருளில் சோதிக்க வேண்டிய அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.