இரண்டு கையிலும் கூடை

அந்தப் பழக்காரி முத்தம் கொடுக்கவில்லை, வழி காட்டினாள். இதை அமெரிக்காவில் உட்கார்ந்திருந்த ஒருவனுக்கும் புரியவைக்க முடியவில்லையே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் கூபாவோவில் டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கார்ட்டூன் கம்பெனி. கதையும் முக்கியமான முகங்களும் அமெரிக்காவிலிருந்து வரும். படம் படமாக வரைந்து, வண்ணம் பூசி அனுப்புவது நாங்கள். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; பிளாஸ்டிக் தாளில் வண்ணம் பூசினேன். சலோமே அக்கா கதாபாத்திரங்களை வரைகிறவள். ஓர் ஆள் முன்னால் எப்படி, முதுகுப்புறம் எப்படி, சிரித்தால் எப்படி என்று ஒரே தாளில் போட்டுச் சுவரில் ஒட்டுவாள். மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். மேசையில் சின்னக் கண்ணாடி வைத்திருப்பாள். அதில் பார்த்து முகத்தைக் கோணுவாள், கோணியதை வரைவாள். தோளில் எந்நேரமும் வலிப் பிளாஸ்திரி.

அப்போது ஓடியது துப்பறியும் ஆமைத் தொடர். சந்தையில் ஆமைக்கு வழி சொல்ல ஒரு பழக்காரி வேண்டும், நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்றார்கள். அக்கா கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தாள். அதே அகல மூக்கு, கொண்டையில் பென்சில். இரண்டு கையிலும் மாம்பழக் கூடை. திருடன் எந்தப் பக்கம் ஓடினான் என்று ஆமை கேட்க, அவள் உதட்டைக் குவித்து இடதுபக்கம் நீட்டினாள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் காட்டுவோம். ஒருத்தருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அமெரிக்காவிலிருந்து திருத்தம் வந்தது. மேலாளர் எஃப்ரேன் அதைக் கொண்டுவந்தார்.

"என்னக்கா, ஆமை மேல அப்படி என்ன ஆசை? முத்தம் குடுக்கறாளாம்."

"இதுவா முத்தம்? அவன் பொண்டாட்டி இப்படித்தான் குடுக்கறாளா? பாவம்."

"கையால காட்டணுமாம். இல்லைன்னா அவளையே எடுத்துடச் சொல்றான்."

"எந்தக் கையால? ரெண்டுலயும் கூடை இருக்கு."

"ஒண்ணைக் கீழ வைக்கட்டும்."

"சந்தையிலயா? குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள பாதிப் பழம் போயிடும். உங்க அம்மாவைக் கேட்டுப் பாரு."

"சரி, எடுத்துடறேன். வேலையும் மிச்சம்."

அக்காவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை வருஷமும் எவனோ அனுப்பிய முகங்களையே வரைந்தவள் அவள். அவளாக உண்டாக்கியது இந்த ஒருத்தியைத்தான். கொஞ்ச நேரம் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்காத. ஒரு கூடையைக் கீழ வைக்கிறேன்."

பழக்காரி போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை நீட்டினாள். நான் பூசியதெல்லாம் குப்பைக்குப் போயிற்று. புதிதாகப் பூச உட்கார்ந்தபோது அக்கா என்னிடம் வந்தாள்.

"கோரியோ, அந்தக் கூடையை ஒட்டி அவ பாதத்தை வரைஞ்சிருக்கேன். கூடைக் கலர்ல அதையும் மூடிடாதடா. எவனாவது தூக்கினா அவளுக்குத் தெரியணும்ல."

அமெரிக்காக்காரனுக்கு அவளைப் பிடித்துப்போனது. அடுத்தடுத்த பாகங்களிலும் வந்தாள், ஒரு கூடை தரையில், ஒரு கை அந்தரத்தில். அக்கா வரைந்துகொண்டே முனகுவாள்: "வேற வேலை இல்ல இவளுக்கு. நீட்டிட்டே நிக்கறா."

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, கம்பெனியை மூடினார்கள். போன மழைக்காலத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். அதுதான் கடைசியாகப் பார்த்தது. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வரைந்து வரைந்து வலது தோள் தேய்ந்து, அந்தக் கை தூக்க வராமல் கிடந்தது.

"உங்க பழக்காரி மறுபடியும் டிவியில ஓடறாக்கா."

"இன்னும் கையை நீட்டிட்டுத்தானா?"

"ஆமா."

"வலிக்கும்டா அவளுக்கு."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று கிளம்பப் பார்த்தேன். வார்டு புழுங்கியது. மேசை விசிறி பக்கத்துக் கட்டிலையே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதட்டைக் குவித்து விசிறிப் பக்கம் நீட்டினாள்.

எழுந்துபோய் அதை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.