வெயில் படாத பெண்

எங்கள் அப்பாவுக்கு ராசிபுரம் பக்கத்தில் ஜவ்வரிசி மில் இருந்தது. மில்லுக்கு முன்னால் பெரிய சிமெண்டுக் களம். மரவள்ளிக் கிழங்கு மாவை அதில் பரப்பிக் காய வைப்பார்கள். களத்தை ஒட்டியே எங்கள் வீடு. எழுபதுகளில் அங்கே மரம் மட்டை எதுவும் கிடையாது, பொழுது சாயும்வரை கண் கூசும் வெயில்தான். அந்த வெயிலுக்குப் பக்கத்திலேயே என் அக்காவை இருட்டில் அடைத்து வைத்திருந்தார்கள்.

அக்கா நல்ல சிவப்பு. வயதுக்கு வந்ததோடு அவளுக்கு வாசல் முடிந்தது, பள்ளிக்கூடமும் நின்றது. அவள் அறை ஜன்னலுக்கு அம்மா பச்சைத் துணி தைத்து மாட்டினாள். துவைத்த துணியைக் கொடியில் போடக்கூட அக்கா வெளியே வரக் கூடாது. அவளுக்கு இளையவள் நான், கறுப்பு. என்னை யாரும் சட்டை செய்யவில்லை, ஊரெல்லாம் சுற்றினேன். பெண் கேட்டு வருகிறவர்களிடம் அப்பா சொல்வார்: "எம்புள்ள மேல வெய்யலே பட்டதில்லீங்க." வந்தவர்கள் அவள் முழங்கையைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். கர்மம்! சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்க்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பான்.

திருச்செங்கோட்டில் லாரி வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்தார்கள். அங்கேயும் அதே அடைப்புதான். அக்காவுக்கு உடம்பு போட்டது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. "எலும்பெல்லாம் கடுக்குதுடி" என்பாள். "வேல செய்யாத ஒடம்பு, அப்பிடித்தான் இருக்கும்" என்பாள் அம்மா. வேலை செய்ய விடாதது யார் என்று கேட்டால் எனக்குத்தான் வாய்த்துடுக்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில், கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு, அக்கா உண்டானாள். அந்தப் பிள்ளை ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சேலத்தில் பெண் டாக்டர் ஒருவர் சோதித்துப் பார்த்து, சர்க்கரை இருக்கிறது என்றார். அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பை லேசாக அமுக்கியதற்கே அக்கா அலறினாள். "வெயிலே படறதில்லையாம்மா? எலும்புக்கு வெயில் வேணும். காலையில வெளிய நட. இனிப்பைத் தொடாதே, வயித்துல இருக்கறதுக்கு ஆபத்து" என்றார். மாமியாரும் என் அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டார்கள்.

கேட்டு என்ன? மாமியார் அவளைக் கூடத்துக்குள்ளேயே நடக்க விட்டாள், கதவைச் சாத்திவிட்டு. "நடந்தாப் பத்தாதா, வெய்யல் எதுக்கு?" ஏழாம் மாதம் சீமந்தத்துக்குக் கட்டுச்சோறு கொண்டுபோனோம். எங்கள் வழக்கப்படி சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ஊட்டினார்கள். சர்க்கரைப் பொங்கல், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், தேங்காய்ப் பால். அக்கா வாயை மூடிக்கொண்டாள். "ஒரு வாய் சாமி, புள்ளைக்கு" என்று கன்னத்தை அழுத்தித் திணித்தார்கள். நெய் வழிகிற அந்த விரல்கள் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. டாக்டர் சொன்னதை நான் கத்திச் சொன்னேன். "டாக்டரம்மா ஆயிரஞ் சொல்லுவாங்க, நாங்கெல்லாம் பெக்கலியா?" என்று சிரித்தார்கள். தூ!

ஒன்பதாம் மாதம் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பெரிய குழந்தை. பெண்.

வெகு காலம் கழித்து எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இதைச் சொன்னேன். வெயில் படாமல் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது அடிக்கடி காணப்படுகிறது, ஆனால் அக்காவுக்குச் சர்க்கரை வந்தது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். சரி, நானும் அடித்துச் சொல்லவில்லை. வெயிலில் நட, இனிப்பைத் தொடாதே என்று அன்றைக்கே அந்த சேலத்து டாக்டர் சொன்னாரே, அதையாவது செய்திருக்கலாம் அல்லவா? எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். துக்கம் கேட்க மாமியார் வந்தாள். பால் கட்டிய மாரைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அக்கா சுவரோரம் படுத்திருந்தாள். மாமியார் குனிந்து அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, ஆசுபத்திரிக்கு அலஞ்சதுல புள்ள கறுத்துப் போச்சுங்களே. இனிமேலாச்சும் வெளிய உடாமப் பாத்துக்கங்க."

அக்கா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆகட்டுங்க" என்றாள் அம்மா.