பாக்டீரியாவுக்கு அழுக்குத் தண்ணீர் வேண்டும்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வேலூரில் முனைவர் பட்டத்துக்காக நான் சாக்கடைப் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் பட்டால் சிவந்து வளரும் ஒருவகை பாக்டீரியாவுக்கு தோல் பதனிடும் டேனரியின் கழிவுநீரைக் கொடுத்தால், தின்றது போக மிச்சத்தை உடம்புக்குள் கொழுப்பு மாதிரி சேர்த்துவைக்கும். அதைப் பிரித்தெடுத்தால் மண்ணில் மக்கும் பிளாஸ்டிக். என் பேராசிரியர் இதை மேடையில் சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார். குடுவை கழுவியது நான்.

அடுத்த ஆய்வுக்குழு கூடும்போது ஒரு துண்டு பிளாஸ்டிக்காவது மேசைமேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மூடினால் நான் போகவேண்டிய இடமும் தயாராக இருந்தது. அம்மா வேலை பார்த்த மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல். எனக்குப் பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. பாக்டீரியா எவ்வளவோ தேவலை, எதிர்த்துப் பேசாது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் மேற்பார்வையாளராக இருந்த பாய்தான் தண்ணீர் கொடுத்தார். தங்கமான மனிதர். கேனை நீட்டினால், "உக்காரும்மா, டீ சாப்டு" என்பார். டீ முடிவதற்குள் கேன் நிறைந்து வந்துவிடும். பாக்டீரியாதான் சிவக்கவே இல்லை. வெளிறிப்போய்க் குடுவையின் அடியில் படுத்துக்கொண்டது. விளக்கை மாற்றினேன், குடுவையை மாற்றினேன், ஜெபம்கூடச் செய்து பார்த்தேன். பாக்டீரியா விவகாரத்தில் கர்த்தர் தலையிடுவதில்லை போலிருக்கிறது.

பேருந்தில்தான் விஷயம் விளங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் கேனைப் பார்த்து, "தொண்டை காயுது, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டார். டேனரித் தண்ணீரோடு பேருந்தில் போகிறேன், ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை, குடிக்க வேறு கேட்கிறார்கள்! கையில் கேனோடு யார் வந்தாலும் அந்த டேனரியில் அவர் மாசு கட்டுப்பாட்டு அதிகாரி. அதிகாரிகளுக்குக் கொடுத்த பழக்கதோஷத்தில் எனக்கும் போர்வெல் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாவம் என் பாக்டீரியா, பட்டினி கிடந்தது.

மறுநாளே போய் நின்றேன். "பாய், எனக்கு அழுக்குத் தண்ணி வேணும்."

"எங்ககிட்ட அழுக்குத் தண்ணியே கெடையாதேம்மா. எல்லாம் க்ளீன் பண்ணித்தான் விட்றோம்."

அவர் முதுகுக்குப் பின்னால் தோல் ஊறிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து வந்த வாடையில் எனக்குக் கண்ணே எரிந்தது. எரிச்சல் வேறு. வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

"சரி பாய், பக்கத்து டேனரில வாங்கிக்கிறேன். அவங்க தண்ணில சத்து ஜாஸ்தியாம்."

பாயின் முகம் மாறிவிட்டது. "எவன் சொன்னான்? அவன் தண்ணில இன்னா இருக்கு? எங்க மொத ஊறல் தண்ணி பாத்துருக்கியா நீ? ரத்தம், கொழுப்பு, சாணி, உப்பு, எது கம்மி இங்க?" என்று என் கேனைப் பிடுங்கிக்கொண்டு அவரே போனார். தோல் பதனிடும் குரோம் உப்பு இன்னும் கலக்காத, கெட்டியான, முதல் தரமான அழுக்கு. "யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அன்று மாதனூரில் கண்டக்டர் என்னை இறக்கிவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பேருந்திலிருந்தும் இறங்கியதில்லை. பிறகு வந்த பேருந்தும் ஏற்றவில்லை. கடைசியில் பச்சைத்தோல் ஏற்றிப்போன ஒரு டெம்போவில் இடம் கிடைத்தது. அங்கே என் நாற்றம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

குடுவை பீட்ரூட் சாறு மாதிரி சிவந்தது. வடிகட்டி, மருந்தில் கரைத்து, கண்ணாடித் தட்டில் காயவைத்தேன். வெங்காயச் சருகு போல ஒரு துண்டு பிளாஸ்டிக் உரிந்து வந்தது. ஆய்வுக்குழுவில் ஒருவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இன்னொருவர், "இதுல பை செஞ்சா ஒரு தக்காளி நிக்குமா?" என்றார். நிற்காதுதான். ஆனால் திட்டம் நிலைத்து நின்றது, எட்டாம் வகுப்பும் பிழைத்துக்கொண்டது.

பாதியைப் பாய்க்கு எடுத்துப்போனேன். தோல்காரர் அல்லவா, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"எங்க தண்ணியாம்மா இது?"

"உங்க தண்ணிதான் பாய்."

வேலை செய்துகொண்டிருந்த எல்லோரையும் கூப்பிட்டு, "பாருங்கப்பா, நம்ம தண்ணி!" என்று காட்டினார். அவர் சட்டைப்பையில் அதைப் பத்திரமாக வைக்கும்போது வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. ஒரு அதிகாரி கையில் பாட்டிலோடு இறங்கி, கழிவுநீர் பார்க்க வேண்டும் என்றார்.

பாய் ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். "அழுக்குத் தண்ணியா? எங்ககிட்ட ஏது சார்? உக்காருங்க, டீ சாப்டுங்க."

சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே, என் கேனில் பிடித்தது போக மீதியெல்லாம், வழக்கம்போலப் பாலாற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.