பீரோவுக்குப் பின்னால் ஓர் ஆறு

வெளிநாடு போய் வந்த மாமாக்கள் எல்லாரும் சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் கொண்டுவந்தார்கள். என் மாமா ஒரு சீனரி படம் கொண்டுவந்தார். அதுவும் திருட்டுப் படம். ஈராக்கில் சண்டை நடந்தபோது அங்கே ஒரு கேம்ப்பில் சமையல் வேலை பார்த்தவர் அவர். சனங்கள் மியூசியத்தை உடைத்து அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் ஒன்று அவர் கைக்கு வந்து, கம்பளிக்குள் சுருண்டுகொண்டு திண்டிவனம் வரை வந்துவிட்டது. எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்.

படத்தில் ஓர் ஆறு, கரையோரம் பேரீச்ச மரங்கள், ஒரு மண் வீடு. ஆள் ஒருத்தர்கூட இல்லை. வீட்டுக் கதவு மட்டும் திறந்திருக்கும். உள்ளே ஒரே இருட்டு. அந்தப் பக்கம் போனாலே நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அம்மாவுக்கும் அது பிடிக்கவில்லை. அவள் காரணம் வேறு. படத்தைப் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டு, "வெளியில மூச்சு விட்ட, தோலை உரிச்சிருவேன்" என்றாள். நான் விடவில்லை. பயந்தாங்கொள்ளிகளிடம் ரகசியம் பத்திரமாக இருக்கும்.

அந்த மார்கழியில், விழுப்புரத்துப் பக்கம் கோயில் சிலை கடத்தியவர்களைப் பிடித்து, முகத்தில் துண்டைப் போட்டு வேனில் ஏற்றுவதை டிவியில் காட்டினார்கள். அம்மா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். மாமாவுக்கு வீசிங் உண்டு. முகத்தில் துண்டு போட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போவாரே என்பதுதான் என் கவலை.

கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள்.

"போகியன்னிக்கு எதைக் கொளுத்தினாலும் எவன் கேக்கப் போறான்? இந்தப் பேஜாரு அதோட தொலையட்டும்டா."

மாமா சரியென்று தலையை ஆட்டினார்.

போகி விடியலில் தெருவெல்லாம் புகை. பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாறும் பிய்ந்த முறமும் எரிந்துகொண்டிருக்க, அம்மா படத்தை ஒரு கிழிந்த பாயில் சுருட்டி நடு நெருப்பில் வைத்தாள். ஊரே பார்க்கத் தடயத்தை அழிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. பாய் பற்றிக்கொண்டது. வாசலில் குந்தியிருந்த மாமா சட்டென்று எழுந்து ஓடி, இரண்டு கையையும் நெருப்புக்குள் விட்டுப் பாயை வெளியே இழுத்தார். ஐயோ, நான் அலறிய அலறலில் மேளமே நின்றுவிட்டது.

"இன்னாப்பா, இன்னா ஆச்சி?" என்று எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"பாய்க்குள்ள பாஸ்போர்ட்டை வச்சிருக்கிறான், அறிவு கெட்டவன்" என்றாள் அம்மா. பொய் சொல்ல அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மாமாவைப் பாயோடு உள்ளே இழுத்துப்போய், அவருடைய வெந்த கைகளில் இட்லி மாவைப் பூசிக்கொண்டே அழுதாள். "ஜெயிலுக்குப் போவணும்னு வேண்டுதலாடா உனுக்கு?"

"அது என்னுது இல்லக்கா. அதைத் தூக்கினு வந்த ஆளு என்கிட்ட வித்துட்டுப் போவல, வச்சிட்டுப் போனான். பசி. ஒரு மூட்டை அரிசி குடுத்தேன். நாளைக்கே வந்து வாங்கிக்கினு போயி எடுத்த எடத்துலயே வச்சிட்றேன்னான். கூட ஒரு பொண்ணு, நம்ம பாப்பா ஒசரம். படத்துல இருக்கிற வீட்டைக் காட்டிக் காட்டிச் சிரிச்சிக்கினே நின்னுது."

"அப்புறம் ஏன் வரல?"

மாமா என்னைப் பார்த்தார். அம்மா படத்தை விரித்து, முந்தானையால் சாம்பலைத் துடைத்தாள். ஒரு மூலை கரிந்திருந்தது. வீடும் ஆறும் தப்பித்திருந்தன.

எனக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. அப்படியானால் அந்தப் பெண் படத்தைக் கேட்டு வருவாளே. கரிந்த மூலையைப் பார்த்தால் சும்மா விடுவாளா? பொழுது சாய்ந்ததும் தெருக்கதவைத் தாழ் போட்டேன். மாமா எழுந்துபோய், துணி சுற்றிய கையாலேயே தட்டுத்தடுமாறித் தாழை நீக்கிவிட்டு வந்தார். நான் மறுபடி போட்டேன். அவர் மறுபடி நீக்கினார்.

அவள் வந்துவிடுவாளோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். வரவே மாட்டாள் என்பதுதான் மாமாவின் பயம் என்று புரிகிற வயசு எனக்கு அப்போது இல்லை.