ரப்பர் அடித்த கோடு

எட்டாம் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வரி எழுதினால் இரண்டு முறை அழிப்பாள். அழித்து அழித்து அவள் கணக்கு நோட்டில் ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து விடை தெரிகிறது என்று பையன்கள் கேலி செய்வார்கள். பரீட்சையில் ஸ்கேல் முனையால் என் முதுகைக் குத்துவாள். நான் உதட்டை அசைக்காமல் விடை சொல்வேன். நடந்தாலும் பேசினாலும் எனக்குச் சத்தம் வராது. அதனால் நான் பூனை.

அந்த வருடத்தோடு பள்ளியை விட்டேன். அம்மா வேலைக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. ரப்பர் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். பத்தாவதில் தோற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. ஆனால் அவள் அப்பா பஸ் மெக்கானிக். ஒரு தடவை ஸ்டார்ட் ஆகவில்லை என்று வண்டியை யாராவது தூக்கிப் போடுவார்களா என்று கேட்டு, மறுபடியும் எழுத வைத்தார். எழுதினாள். வேதியியல் படித்தாள். பழைய ஓவியங்களைப் பாதுகாப்பது பற்றி மேல்படிப்பும் சேர்ந்தாள்.

அந்தப் படிப்புதான் அவளை நான் கூட்டித் துடைக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தது. பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் கூடம் அது. அதன் பின்னறையில் அலமாரி அலமாரியாகப் பிசின் கட்டிகள், பசை டப்பாக்கள், வார்னிஷ் குப்பிகள், நிறப்பொடிகள், அவற்றைச் சோதித்துப் பார்த்தவர்கள் எழுதிவைத்த கோப்புகள். எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதையெல்லாம் பிரித்து, எண் போட்டு, பெட்டியில் அடுக்க ஒரு பயிற்சி மாணவி வரப்போகிறாள், வேலை பிடித்துப்போனால் இங்கேயே வைத்துக்கொள்வோம் என்று கூடத்தின் பொறுப்பில் இருக்கும் மேடம் சொல்லியிருந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்தவள் ரப்பர்.

நான் வாளியோடு நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் வழி விடறீங்களா?" என்றாள்.

என்னைவிட இரண்டு மாதம் பெரியவள் அவள்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல். வீட்டில் எதைப் பேசினாலும் அவளிடம் போய் முடியும். வெள்ளைக் கோட்டு அவளுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருக்கிறது என்பேன். மேடம் அவளுக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார் என்பேன். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. ஒரு நாள் அவரே தாங்காமல், "அவ பிசின் ஒட்டுறா. நீ என்னடான்னா அவகிட்ட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கிற" என்றார்.

உண்மைதான். துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பேன். குப்பி மூடியைத் திறந்து முகராமல், கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறிப் பார்ப்பாள். இறுகிப்போன பசை டப்பாவைக்கூடக் குழந்தையைத் தூக்குவது போல அடியில் கை கொடுத்துத் தூக்குவாள். ஆனால் எழுதும்போது மட்டும் நாக்கு நுனி வெளியே வரும். அது மாறவில்லை. அதைப் பார்த்தால் கோபமாகவும் வரும், என்னவோ போலவும் இருக்கும்.

பின்னறை ஜன்னல் திட்டில் வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் வார்னிஷ் பூசி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடியிருக்கும். யாரோ போட்டுவிட்டு மறந்துபோனவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தொடாதே என்று சொல்லியிருந்ததால் அவற்றைச் சுற்றித் துடைப்பேன். மேடம் வெளியூர் போயிருந்த சமயம் ரப்பர் அவற்றைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் பூப்போல எடுத்து, காகிதத்தை அவிழ்த்து, எண் போட்டு, 'வார்னிஷ்' என்ற இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

மேடம் திரும்பி வந்து ஜன்னலைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வெயில் பட்டால் எந்த வார்னிஷ் எவ்வளவு மஞ்சளாகிறது என்று வருடக்கணக்காக நடக்கும் சோதனையாம் அது. இழுப்பறையில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுத் தொடரலாம், தெரியாவிட்டால் முதலிலிருந்துதான் என்றார். ரப்பர் எந்த நாள் எடுத்தோம் என்று எழுதிவைக்கவில்லை. வாட்ச்மேன் தனக்குத் தெரியும் என்று முன்வந்து ஒரு நாளைச் சொன்னார். அது ஞாயிற்றுக்கிழமை, கூடமே திறக்காத நாள்.

எனக்குத் தெரியும். லிஃப்ட் நின்றுபோய், வாளியைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறிய அன்றைக்குத்தான் கண்ணாடிகள் இல்லாத அந்தத் திட்டை முதன்முறையாக ஒரே இழுப்பில் துடைத்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவள் போய்விடுவாள். துணியைப் பிழிந்தேன். மறுபடியும் பிழிந்தேன். தப்பான விடை காதில் விழுந்தபின் என்னால் சும்மா இருக்க முடிந்ததே இல்லை.

"லிஃப்ட் நின்ன அன்னிக்கு" என்றேன். உதடு அசைந்ததா என்று தெரியவில்லை.

லிஃப்ட் நின்ற தேதி எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ரப்பர் அந்தச் சோதனையின் கோப்பை எடுத்து உட்கார்ந்தாள். தான் செய்ததை அப்படியே எழுதினாள். நடுவில் ஒரு சொல் பிழையானது. அழிப்பாள் என்று பார்த்தேன். அழிக்கவில்லை. அதன்மேல் ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மேடம் குனிந்து படித்துவிட்டு, "இப்படி எழுதறவங்கதாம்மா இங்க வேணும்" என்றார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த பொறாமை அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது. கோட்டுக்கும் டீக்கும் வந்தது சின்னப் பொறாமை. நான் ஒரு குப்பியை உடைத்தால் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டு மறைக்கத்தான் பார்ப்பேன். அவள் தப்பு செய்தால் அதற்குக் கோப்பில் இடம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பாராட்டும் இருக்கிறது.

மேடம் போனபின் அவள் பேனாவை மூடவில்லை. 'தேதியைச் சொன்னவர்' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரை எழுதினாள். இனிஷியலோடு. இங்கே யாருக்கும் என் இனிஷியல் தெரியாது. அவளும் கேட்கவில்லை.

"பூனை, சரியா இருக்கா பாரு" என்றாள், நிமிராமலே.

"என்னைத் தெரியுமா?" என்றேன்.

"வந்த அன்னிக்கே தெரியும். நீ கண்டுக்காத மாதிரி நின்ன. சரி, பிடிக்கலை போலன்னு அக்கான்னுட்டேன்."

அவள் என்னை மறந்திருந்தால் இன்னும் வசதியாக இருந்திருக்கும். பெயர் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்தேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. கண்ணாடித் துண்டுகள் மறுபடி ஜன்னல் திட்டுக்கு வந்துவிட்டன. மூடாத பாதி என்னவோ கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டுதான் இருக்கிறது. நான் சுற்றித் துடைக்கிறேன்.